விண்மீன்களைப் படம் பிடிப்போம்

மாணவ நண்பர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். தை மாதத்தில் ஓர் இரவு, உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சென்று கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன? நல்ல பார்வையும் இருண்ட வானமும் இருந்தால் ஆறு வரை எண்ணலாம். கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இப்போது ஒரு காமிராவை அதே கூட்டத்தின் பக்கம் திருப்பி, அசையாமல் நிறுத்தி, ஐந்து வினாடி திறந்து வையுங்கள். கிடைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இருபது, முப்பது புள்ளிகளை எளிதாக எண்ணிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத அந்த விண்மீன்கள் காமிராவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தன? இக்கேள்விக்கு விடை தெரிந்தால் வானத்தைப் படம் பிடிக்கும் கலையில் பாதி கைவந்துவிடும். மீதிப் பாதி பொறுமை.

கண்ணும் காமிராவும்

மழை பெய்யும்போது வாசலில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தண்ணீர் சேரும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பாத்திரத்தின் வாய் அகலம். இன்னொன்று, அதை எவ்வளவு நேரம் மழையில் வைத்திருந்தோம் என்பது. விண்மீனின் ஒளியும் ஒரு வகை மழைதான். அதைப் பிடிக்கும் பாத்திரங்கள்தாம் கண்ணும் காமிராவும்.

இருட்டுக்குப் பழகிய நம் கண்மணியின் துளை அதிகமாகப் போனால் 7 மில்லிமீட்டர் விரியும். ஒளிப்படக்காரர்கள் பலரிடமும் உள்ள 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 'எஃப் 1.8' என்று எழுதியிருந்தால், குவியத் தூரத்தை 1.8-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 28 மி.மீ. அதுவே லென்ஸின் வாய் அகலம். 28 என்பது 7-ஐப் போல் 4 மடங்கு. பரப்பளவோ 16 மடங்கு. ஆக, ஒரே நேரத்தில் கண்ணைவிட 16 மடங்கு ஒளி லென்ஸுக்குள் நுழைகிறது.

அடுத்தது நேரம். நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிக்கு ஒரு முறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் பிடிக்கிறது என்று சொல்லலாம். காமிராவோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் சேர்த்துக்கொண்டே போகும். 5 வினாடி என்றால் அது 50 மடங்கு. 16-ஐ 50-ஆல் பெருக்கினால் 800. நடைமுறையில் இந்த 800 மடங்கும் முழுமையாகப் பயன்படாது. வானத்தின் பின்னணி வெளிச்சமும், காமிராவின் மின்சுற்றில் எழும் 'இரைச்சல்' எனப்படும் பொய்ப் புள்ளிகளும் குறுக்கிடும். ஆயினும் கார்த்திகையின் அறுவர் முப்பதின்மர் ஆவதற்கு இது போதுமானது.

விண்மீன்களின் ஒளியை அளக்க வானியலார் 'ஒளித்தரம்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். எண் கூடக் கூட ஒளி குறையும். ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்று 1856-இல் இதற்கு ஒழுங்கு செய்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். அவர் 1861-இல் சென்னை வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவரானார். 1891-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். இன்று உலகமெங்கும் வானியல் மாணவர்கள் படிக்கும் அளவுகோல் அது. அதைத் தந்தவர் முப்பது ஆண்டுகள் நம் சென்னையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அதிக நேரம் திறந்து வைத்தால் என்ன?

'நேரம் கூடினால் ஒளி கூடும் அல்லவா? அப்படியானால் ஐந்து நிமிடம் திறந்து வைத்துவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். செய்து பாருங்கள். விண்மீன்கள் புள்ளிகளாக இருக்கமாட்டா, கோடுகளாக இழுபட்டிருக்கும். காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. காமிரா அசையவில்லை; அதைத் தாங்கும் பூமி சுழல்கிறது.

பூமி 23 மணி 56 நிமிடத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு ஏறத்தாழ 15 பாகை. ஒரு வினாடிக்கு ஒரு பாகையில் 240-இல் ஒரு பங்கு. ரேடியனில் சொன்னால் 0.0000727. இதைக் குவியத் தூரத்தால் பெருக்கினால், காமிராவின் ஒளியுணரி மீது விண்மீனின் பிம்பம் ஒரு வினாடியில் எவ்வளவு நகரும் என்பது கிடைக்கும்.

18 மி.மீ. லென்ஸ்: வினாடிக்கு 0.0013 மி.மீ.
50 மி.மீ. லென்ஸ்: வினாடிக்கு 0.0036 மி.மீ.
135 மி.மீ. லென்ஸ்: வினாடிக்கு 0.0098 மி.மீ.

பிலிம் இருந்த காலத்தில் '500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் வினாடி' என்று ஒரு விதி சொல்வார்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு அது 10 வினாடி. அதற்குள் பிம்பம் 0.036 மி.மீ. நகரும், சாதாரண அளவில் அச்சிட்ட படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இன்றைய காமிராக்களின் படப்புள்ளிகள் மிகச் சிறியவை. பலவற்றில் ஒரு புள்ளியின் அகலம் 0.004 மி.மீ. அளவே. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. எனவே 500-க்குப் பதில் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 5 வினாடி; 18 மி.மீ. லென்ஸுக்கு 14 வினாடி.

இக்கணக்கு வான நடுக்கோட்டின் அருகே உள்ள விண்மீன்களுக்கு உரியது. வேட்டைக்காரனின் இடைக்கச்சையில் உள்ள மூன்று விண்மீன்கள் அப்படிப்பட்டவை. அவைதாம் மிக வேகமாக ஓடும். துருவத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். துருவ விண்மீன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு படம் தந்த புகழ்

விண்மீனை முதன்முதல் படம் பிடித்த நாள் 1850 ஜூலை 17. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் அபிஜித் விண்மீனின் பிம்பத்தை வெள்ளி பூசிய தகட்டில் பதித்தார்கள். நம் நாட்டிலும் இக்கலை விரைவில் கால் பதித்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் படம் பிடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொடைக்கானல் வானாய்வகம் சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வைத்திருக்கிறது. நூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்தக் களஞ்சியத்தை இன்றும் உலக விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் வயதை ஒட்டிய ஒரு மாணவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 1927-இல் பிறந்தவர் வைணு பாப்பு. அவருடைய தந்தை ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பாப்பு 1949-இல் ஆராய்ச்சி மாணவராக ஹார்வர்டு சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, வழக்கமான பணியாக எடுத்த ஒரு வானப் படத்தில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மங்கிய தடம் இருப்பதைக் கண்டார். தூசி என்றோ, கண்ணாடித் தகட்டின் குறை என்றோ அவர் அதைத் தள்ளிவிடவில்லை. பேராசிரியர் பார்ட் பாக், உடன் படித்த கார்டன் நியூகிர்க் ஆகியோருடன் சேர்ந்து சரிபார்த்தபோது அது ஒரு புதிய வால்விண்மீன் என்று தெரிந்தது. பாப்பு–பாக்–நியூகிர்க் என்றே அதற்குப் பெயர். இந்தியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய வால்விண்மீன் அது.

நாடு திரும்பிய பாப்பு 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைவரானார். விண்மீன்களை ஆராய இருண்ட, மேகம் குறைந்த ஓர் இடம் தேவைப்பட்டது. பல இடங்களை ஆராய்ந்து அவர் தேர்ந்தெடுத்தது வாணியம்பாடி அருகே சவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. முழுக்க நம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்று அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரால் விளங்குகிறது.

அங்கிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று இன்னொரு படம் எடுக்கப்பட்டது. ஆர். ராஜமோகன் தலைமையில் சிறுகோள்களைத் தேடும் பணி நடந்துகொண்டிருந்த காலம். ஒரே வானப் பகுதியை இடைவெளி விட்டு இரு முறை படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். விண்மீன்கள் எல்லாம் தத்தம் இடத்திலேயே இருக்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். அவ்வாறு கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. அதன் எண் 4130. போக்சனும் சென்னையிலிருந்து சிறுகோள்களைக் கண்டவரே. முதலாவது 1861-இல், கடைசியாக 1885-இல். அவருக்குப் பிறகு நூறாண்டு கழித்து நம் மண்ணிலிருந்து கிட்டிய கண்டுபிடிப்பு இது. போக்சன் கண்ணால் பார்த்து ஒப்பிட்டார். ராஜமோகன் குழுவினர் ஒளிப்படங்களை ஒப்பிட்டார்கள். ஒப்பிடுதல் என்ற வேலை மாறவில்லை.

என்னென்ன வேண்டும்?

1. ஷட்டர் நேரத்தையும் குவியத்தையும் கையால் மாற்றக்கூடிய காமிரா. இல்லையென்றால், 'புரோ' அல்லது 'இரவு' அமைப்பு உள்ள கைபேசி.
2. முக்காலி. கிடைக்கவில்லையென்றால் நான்கு செங்கல்லும், மணல் நிரப்பிய ஒரு துணிப்பையும் போதும். பையை அழுத்திக் குழியாக்கி அதில் காமிராவை உட்கார வையுங்கள்.
3. சிவப்பு கண்ணாடிக் காகிதம் ஒட்டிய டார்ச் விளக்கு. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். மீண்டும் பழக இருபது நிமிடமாவது ஆகும்.
4. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில்.

நான்காவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தேதி, நேரம், இடம், லென்ஸ், திறந்திருந்த வினாடி ஆகியவற்றை எழுதி வைக்காத படம் வெறும் அழகுப் படம். எழுதி வைத்தால் அது ஓர் அளவீடு.

முதல் படம்

முதலில் காமிராவின் ஃபிளாஷை நிறுத்திவிடுங்கள். பல ஒளியாண்டு தொலைவில் உள்ள விண்மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, குவியம். இரவில் தானியங்கிக் குவியம் தடுமாறும். அதை நிறுத்திவிட்டு, ஒளிமிக்க ஒரு விண்மீனையோ தொலைவில் உள்ள ஒரு தெரு விளக்கையோ திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை குவிய வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை மட்டும் நம்ப வேண்டாம்; அது சற்று முன்பின் இருக்கலாம். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள்.

லென்ஸின் வாயை முழுவதும் திறந்து வையுங்கள். அதாவது எஃப்-எண் மிகச் சிறியதாக இருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600-இல் வையுங்கள். நேரத்தை நம் 250 விதிப்படி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கைபேசியானால் 10 வினாடியில் தொடங்கலாம்.

பொத்தானை அழுத்தும்போது காமிரா ஆடும். எனவே, அழுத்தி இரண்டு வினாடி கழித்துத் திறக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். மார்கழி, தை மாதங்களில் லென்ஸின் மேல் பனி படியும். அரைமணிக்கு ஒரு முறை பார்த்து, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரே படத்தோடு நின்றுவிடாதீர்கள். அதே இடத்தை 16 முறை எடுங்கள். கணினியில் விண்மீன்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க இலவச மென்பொருள்கள் உள்ளன. விண்மீன் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். எனவே அதன் ஒளி 16 மடங்காகச் சேரும். இரைச்சல் புள்ளி ஒரு படத்தில் இங்கே, இன்னொன்றில் அங்கே என்று தோன்றும். அது 16-இன் வர்க்கமூலமான 4 மடங்குதான் சேரும். ஆக, இரைச்சலைவிட விண்மீன் 4 மடங்கு தெளிவாகும். தறியில் ஒவ்வோர் ஊடையாகச் சேர்ந்துதான் சேலையில் உருவம் எழுகிறது. ஒற்றை இழையில் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. மங்கிய விண்மீனும் இப்படித்தான் எழுகிறது.

செய்து பார்க்க: அருந்ததி

நம் வீட்டுத் திருமணங்களில் மணமக்களுக்கு அருந்ததி காட்டும் வழக்கம் உண்டு. சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் உள்ளது வசிட்டர். அதை ஒட்டியே மங்கலாக இருப்பது அருந்ததி. வசிட்டரின் ஒளித்தரம் ஏறத்தாழ 2. அருந்ததியின் ஒளித்தரம் 4. இரண்டுக்கும் இடையே வானில் பாகையில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்.

மே மாத இரவு 9 மணிக்குச் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர்ந்து நிற்கும். 50 மி.மீ. லென்ஸால் படம் எடுங்கள். பாகையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது 0.0035 ரேடியன். 50-ஆல் பெருக்கினால் 0.175 மி.மீ. படப்புள்ளியின் அகலம் 0.004 மி.மீ. என்றால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 44 புள்ளிகள் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் எண்ணிப் பாருங்கள். கணக்கும் படமும் ஒத்துப்போகும்போது ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

செய்து பார்க்க: கோபுரத்தின் உச்சியில் துருவ விண்மீன்

ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் அங்கே வான துருவம் இருக்கும். காஞ்சிபுரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 12.8 பாகை. ஆகவே நம் ஊரில் துருவ விண்மீன் மிகத் தாழ்வாக, தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கும். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் இருக்கும்.

ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் ஏறத்தாழ 59 மீட்டர் உயரம். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. அதற்கு நேர் தெற்கே, எவ்வளவு தூரத்தில் நின்றால் துருவ விண்மீன் கோபுரத்தின் உச்சியில் அமர்ந்திருப்பது போல் தோன்றும்? காமிரா தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். மீதி உயரம் 58 மீட்டர். டேன் 12.8 பாகை என்பது 0.227. 58-ஐ 0.227-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 255 மீட்டர் கிடைக்கும். திசைகாட்டியை வைத்து நேர் தெற்கைக் கண்டு, அடியளந்து இடத்தைத் தேடுங்கள். மரமோ மாடி வீடோ மறைத்தால், உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியையோ பள்ளிக் கட்டடத்தையோ வைத்து இதே கணக்கைப் போடலாம்.

இப்போது 30 வினாடிப் படங்களாக 120 படங்களை இடைவிடாமல் எடுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். இம்முறை விண்மீன்களைப் பொருத்தாமல், படங்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். துருவத்தைச் சுற்றி வில் வில்லாகத் தடங்கள் தெரியும். ஏதேனும் ஒரு தடத்தின் இரு முனைகளையும் துருவத்தோடு இணைத்துக் கோணமானியால் அளந்து பாருங்கள். எந்தத் தடத்தை எடுத்தாலும் 15 பாகை வரும். பூமி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுழன்றது என்பதை நீங்களே அளந்துவிட்டீர்கள்!

உற்றுப் பார்த்தால் துருவ விண்மீனும் ஒரு சிறு வில் வரைந்திருக்கும். அது உண்மையான துருவத்திலிருந்து பாகையில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளியிருப்பதே காரணம். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை பம்பரம் போல் தலையாட்டிச் சுற்றுவதால் இந்த விலகல் மாறிக்கொண்டே வருகிறது. ராஜகோபுரம் எழுந்த 1509-இல் இதே விண்மீன் துருவத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை பாகை விலகியிருந்தது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய காலத்திலோ, ஏறத்தாழ 8 பாகை. அந்தச் சிற்பிகள் இரவில் வடக்கே பார்த்திருந்தால், இன்று நாம் அசையாதது என்று சொல்லும் விண்மீன் பெரிய வட்டமடிப்பதைக் கண்டிருப்பார்கள்.

செய்து பார்க்க: இரு துருவங்களின் வானம்

நம் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கே துருவ விண்மீனையும், தெற்கே 17 பாகை உயரத்தில் தென்சிலுவைக் கூட்டத்தையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கலாம். லண்டன் மாணவனுக்குத் தென்சிலுவை கிடையாது. சிட்னி மாணவனுக்குத் துருவ விண்மீன் கிடையாது. இரண்டு படங்களையும் எடுத்து அருகருகே ஒட்டி வையுங்கள். பூமி உருண்டை என்பதற்கும், நீங்கள் அதில் எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கும் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நான் இழந்த படம்

என் மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பயன்படும். 1997 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஹேல்–பாப் என்ற பெரிய வால்விண்மீன் மாலை வானில் வடமேற்கே தாழ்வாகத் தெரிந்தது. நான் அப்போது பிளஸ் டூ தேர்வு முடித்திருந்தேன். மாமாவிடம் பிலிம் காமிராவை இரவல் வாங்கி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, மூன்று மாலைகளில் ஒரு முழுச் சுருளையும் எடுத்து முடித்தேன்.

கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில், "ஒன்றுமே விழவில்லை தம்பி, எல்லாம் இருட்டு" என்று சுருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வால்விண்மீன் அழகாக விழுந்திருந்தது. ஆனால் பிலிமைத் துண்டு போட்டவர் ஒவ்வொரு படத்தையும் நடுவிலே வெட்டியிருந்தார். தலை ஒரு துண்டில், வால் இன்னொரு துண்டில்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இருண்ட படங்களில் எங்கே ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது தெரியாது. முதல் படத்தைப் பகலில் எடுத்திருந்தால் அதை வைத்து அளந்து வெட்டியிருப்பார். 'இது வானப் படம், வெட்ட வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாலும் போதும். இரண்டையும் நான் செய்யவில்லை. அந்த வால்விண்மீன் மீண்டும் சூரியனருகே வர ஏறத்தாழ 2400 ஆண்டுகள் ஆகும்.

இன்று பிலிமை வெட்டுவோர் இல்லை. ஆனால் கைபேசியில் இடம் போதவில்லை என்று இருட்டுப் படங்களை முதலில் அழிப்பவர்கள் நாமே. எடுத்த மூலப் படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். வேறு ஓர் இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். ஒன்றும் விழவில்லை என்று மற்றவர் சொல்வதை நம்பாமல் நீங்களே உற்றுப் பாருங்கள். பாப்புவின் தகட்டில் இருந்ததும் ஒரு மங்கிய தடம்தான்.

இருட்டைத் தேடி

கடைசியாக ஒரு வேண்டுகோள். காஞ்சிபுரத்தின் நடுவிலிருந்து படம் எடுத்தால் வானம் கறுப்பாக இராது. சாம்பல் நிறமாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். தெரு விளக்குகளும் கடை விளக்குகளும் மேல்நோக்கி வீசும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறித் திரும்புவதுதான் அது. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், சென்னைப் பக்கமாகக் காமிராவைத் திருப்பினால் இன்னும் கூடுதல். பெரியவர்களோடு ஊருக்குத் தெற்கே பாலாற்றங்கரைக்கோ, உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரைக்கோ சென்று தெற்கு நோக்கி எடுத்துப் பாருங்கள்; வேறுபாடு தெரியும். தனியாகப் போக வேண்டாம். பாம்பும் பள்ளமும் இருக்கும் இடங்கள் அவை. கோயில் அருகே எடுக்கும்போது அங்குள்ளவர்களிடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வெளிச்சம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா, குறைகிறதா? உங்கள் தெருவின் கதையை நீங்கள்தாம் அளக்க முடியும். உங்கள் மாடியில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தை அமாவாசையை ஒட்டி, இரவு 9 மணிக்கு, அதே காமிரா, அதே லென்ஸ், அதே ஐ.எஸ்.ஓ., அதே வினாடியில் வேட்டைக்காரனைப் படம் எடுங்கள். திருவாதிரை, ரைகல் முதலிய நான்கு மூலை விண்மீன்களுக்கு உள்ளே எத்தனை புள்ளிகள் தெரிகின்றன என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஐந்து ஆண்டுகளில் உங்களிடம் ஐந்து எண்கள் இருக்கும். எண் குறைந்துகொண்டே வந்தால், விளக்குகளுக்கு மேல்மூடி போடும்படி மாநகராட்சிக்கு எழுதலாம். வெறும் குறையாக இல்லாமல், அளவீட்டோடு எழுதலாம். காவலூரில் கூடத் தொலைநோக்கியின் அளவு மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள இருட்டும் வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

1. உங்கள் காமிராவின் லென்ஸ் 35 மி.மீ., எஃப் 2 எனில், கண்ணைவிட எத்தனை மடங்கு ஒளியைச் சேர்க்கும்? கண்மணியின் துளை 7 மி.மீ. என்று கொள்க.
2. அதே லென்ஸுக்கு 250 விதிப்படி எத்தனை வினாடி வரை திறந்து வைக்கலாம்?
3. விண்மீன் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. இன்று இரவு 9 மணிக்கு உதிக்கும் விண்மீன் 30 நாள் கழித்து எப்போது உதிக்கும்?
4. இரைச்சலைவிட விண்மீன் 10 மடங்கு தெளிவாக வேண்டுமானால் எத்தனை படங்களைச் சேர்க்க வேண்டும்?

விடைகளை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபாருங்கள். மேகமில்லாத இரவாக இருந்தால், கணக்கை முடித்துவிட்டு நேரே மாடிக்குச் செல்லுங்கள். நோட்டையும் பென்சிலையும் மறந்துவிடாதீர்கள்.